பட்டியலில் எட்டுப் பெயர்

செம்பூர், மும்பை
12 அக்டோபர் 2025, ஞாயிறு

அன்பிற்குரிய நாகூர் மீரான் அவர்களுக்கு,

செம்பூரிலிருந்து பிரம்மநாயகம் வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் பேகம் தங்கச்சியும் அம்பர்நாத்தில் சுகமாக இருக்கிறீர்கள் என்று நானாகவே எண்ணிக்கொண்டு தொடங்குகிறேன். ஒன்றேகால் வருஷமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளாதவன் வேறு எப்படித் தொடங்க முடியும்?

குர்லாவில் வண்டி மாறினால் ஒன்றரை மணி நேரத்தில் உங்கள் வீட்டு வாசலில் நிற்கலாம். அப்படியிருக்கத் தபால் எதற்கு என்று நினைப்பீர்கள். இரண்டு முறை புறப்பட்டேன். ஒரு முறை குர்லா நடைமேடை வரை வந்து, அம்பர்நாத் வழியாகப் போகும் கர்ஜத் வண்டி ஒன்றை விட்டேன், அடுத்ததையும் விட்டேன், பிறகு திரும்பிவிட்டேன். போனில் பேசலாம் என்றால், நான் ஆரம்பிக்கும் முன்பே நீங்கள் "அதெல்லாம் விடுங்க அண்ணாச்சி" என்பீர்கள். நானும் விட்டுவிடுவேன். கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது.

என் உடம்பு பரவாயில்லை. வலது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, இடது கண் தை மாதம். செல்வமேரி டீச்சர் ஓய்வு பெற்ற பிறகும் தாராவியை விட்டு நகரவில்லை. இசக்கி அதே பள்ளிக்கூட வேனைத்தான் ஓட்டுகிறான், பறையை இன்னும் டிரைவர் சீட்டுக்குப் பின்னால்தான் வைத்திருக்கிறான். மாட்டுங்காவில் பூக்கடைகளுக்குப் பின்னால் நாம் சனிக்கிழமைதோறும் ஒத்திகை பார்க்கும் மாடி அறையில் மழைக்கு மேல்தளம் ஒழுகி, நம் கலைக்குழுவுக்காக ஜெஸி வரைந்த படங்களில் மூன்று வீணாகிவிட்டன.

இனி விஷயத்துக்கு வருகிறேன். முதலிலிருந்து வரிசையாக எழுதினால்தான் எனக்கு எழுத வரும். துறைமுகப் பதிவேட்டுப் பிரிவில் முப்பத்து நான்கு வருஷம் இருந்த பழக்கம். உங்களுக்குத் தெரிந்ததும் இடையில் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்படி எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் தாராவி முழுக்க எல்லோருடைய போனிலும் அந்த வீடியோ வந்தது. குடிதண்ணீர்த் தொட்டியில் முஸ்லிம்கள் எதையோ கலக்கிறார்கள் என்று. அன்று சாயங்காலம் உங்கள் சகலை ஜஹாங்கீரின் செருப்புக் கடை ஷட்டரை உடைத்தார்கள். உடைத்தவர்களில் பாதிப் பேர் அவரிடம் செருப்பு வாங்கிப் போட்டவர்கள். மறுவாரம் டீச்சர் நம்மைக் கூப்பிட்டு, இதற்கு ஏதாவது செய்ய வேண்டும், கூட்டம் போட்டுப் பேசினால் ஒருவரும் வர மாட்டார்கள், பாட்டும் படமும் என்றால் வருவார்கள் என்றார். கலைக்குழு அப்படித்தான் ஆரம்பமானது. நான் காரியதரிசி. பாடத் தெரியாது, வரையத் தெரியாது, எழுதத்தான் தெரியும் என்று சொல்லிக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அந்த வீடியோ எங்கிருந்து வந்தது என்று பதினோரு நாள் தேடிக் கண்டுபிடித்தவன் நான்தான். வேறு மாநிலத்தில், நான்கு வருஷத்துக்கு முன்னால், ஒரு சாயப்பட்டறையில் எடுத்தது. தேதி, மணி, இடம் என்று நான் போட்டுக் கொடுத்த அட்டவணையை ஜெஸி ஆறடிப் படமாக வரைந்தாள். பிள்ளைகளுக்கு மூன்று கேள்வி சொல்லிக் கொடுத்தோம். யார் சொன்னது? எங்கே? எப்போது? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாத எதையும் அடுத்தவருக்கு அனுப்பாதே. என் வாழ்க்கையில் நான் செய்த உருப்படியான காரியம் இது ஒன்றுதான் என்று அப்போது நினைத்தேன்.

உங்கள் பாட்டு அந்த மாதம் வந்தது. தோல் பட்டறையில் பை தைத்துக்கொண்டே கட்டியது என்று சொல்லி, தஃப்பைத் தட்டிப் பாடிக் காட்டினீர்கள்.

வரிசையிலே நிக்குது குடம் பதினாறு,
வாயத் தொறந்து சொல்லுச்சா தான் யாருவீட்டுப் பேரு?

ஒத்திகைக் குறிப்பில் அன்றே எழுதினேன்: "திரு. நாகூர் மீரான் இயற்றிப் பாடிய குழாயடிப் பாட்டு. எல்லோருக்கும் பிடித்தது." 2023 பிப்ரவரியில் பள்ளி மைதானத்தில் நீங்கள் அதைப் பாடியபோது பிள்ளைகள் இரண்டாம் முறைக்குக் காத்திருக்காமல் தாங்களே பாட ஆரம்பித்துவிட்டார்கள். கூட்டத்தில் ஒரு தகராறும் இல்லை.

அடுத்த வருஷ நிகழ்ச்சிக்கு ஒலிபெருக்கி அனுமதிக்காகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு விண்ணப்பம் எழுத வேண்டியிருந்தது. கலந்துகொள்வோர் பட்டியலை இணைக்க வேண்டும். அதற்கு இரண்டு வாரம் முன்னால் நான் முடி வெட்டிக்கொள்ளப் போன கடையில், பக்கத்து நாற்காலிக்காரர் யாரிடமோ, "இந்தத் தடவை அவங்க ஆளு மேடை ஏறினா பசங்க சும்மா இருக்க மாட்டாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். யாரைப் பற்றி, எந்த மேடை, ஒன்றும் எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. வீட்டுக்கு வந்து இரண்டு பட்டியல் தட்டச்சு செய்தேன். ஒன்றில் ஒன்பது பெயர். இன்னொன்றில் எட்டு. முதலில் ஒன்பதைக் கொடுப்பது, அதிகாரி ஏதாவது முகம் சுளித்தால் எட்டைக் கொடுப்பது என்று ஏற்பாடு. இரண்டையும் தனித்தனி உறையில் வைத்துப் பையில் எடுத்துப் போனேன்.

ஸ்டேஷனில் வரிசை நீளமாக இருந்தது. என் முறை வந்ததும் எட்டுப் பெயர் இருந்த உறையைக் கொடுத்தேன்.

மீரான், அந்தக் கான்ஸ்டபிள் பட்டியலைப் பார்க்கவே இல்லை. போனில் தன் மகளுடைய பரீட்சையைப் பற்றி மராட்டியில் பேசிக்கொண்டிருந்தார். பேச்சை நிறுத்தாமல் முத்திரை குத்தி, நகலை என் பக்கம் தள்ளினார். ஒன்பது பெயர் இருந்தாலும் அதே முத்திரைதான். தொண்ணூறு பெயர் இருந்தாலும் அதேதான்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் நின்று உங்களுக்குப் போன் செய்தேன். ஸ்டேஷனில் உங்கள் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டார்கள், இந்த ஒரு வருஷம் மட்டும் என்று சொன்னேன். என் குரல் நடுங்கியதை நீங்கள் வருத்தம் என்று எடுத்துக்கொண்டீர்கள். "ஸ்டேஷன்ல சொன்னா கேக்கத்தானே வேணும் அண்ணாச்சி. நீங்க மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க. பாட்டு பிள்ளைங்க காதுல விழுந்தாப் போதும்" என்று என்னைத் தேற்றினீர்கள்.

யாரும் எடுக்கச் சொல்லவில்லை. போலீஸ் சொல்லவில்லை, விநாயகர் விழா நடத்தும் மண்டல் பையன்கள் சொல்லவில்லை, கட்சிக்காரர் யாரும் வீடு தேடி வரவில்லை. நானேதான் எடுத்தேன். இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வந்தது இதுதான். மற்றதெல்லாம் இதற்கு முன்னும் பின்னும்.

பொய் ஒன்றைச் சொன்னால் அதற்குப் பொருத்தமாக அடுத்ததையும் எழுத வேண்டியிருக்கிறது. பட்டியலில் இல்லாத பெயர் அறிவிப்பில் எப்படி வரும்? எனவே அறிவிப்பாளர் தாளில் "மரபுப் பாடல்" என்று எழுதிக் கொடுத்தேன். இசக்கி பாடினான். மூன்றாவது அடி அவனுக்கு மறந்துபோனது. நீங்கள் பள்ளி கேட்டுக்கு வெளியே பேகம் தங்கச்சியோடு நின்றுகொண்டிருந்தீர்கள். அவன் உங்களைப் பார்த்தான், நீங்கள் உதட்டை அசைத்தீர்கள், அவன் பிடித்துக்கொண்டான். அதைப் பார்த்தவர்கள் மேடையில் இரண்டு பேர்தான், அவனும் நானும். நான் குனிந்து மைக் ஒயரைச் சரி செய்வதுபோல நின்றேன்.

அந்த ஜூனில் வட்டாரப் பள்ளிகளுக்காகப் பாட்டுப் புத்தகம் அச்சானது. பன்னிரண்டு பள்ளிகள். அறிவிப்பாளர் தாளைப் பார்த்தே தொகுத்தார்கள். ஒன்பதாம் பக்கத்தில் உங்கள் பாட்டு, கீழே "மரபுப் பாடல், திரட்டியது கலைக்குழு". மெய்ப்புப் பார்த்தவன் நான். அதே மாதம் பட்டறையை அம்பர்நாத்துக்கு மாற்றுவதாகச் சொன்னீர்கள். இடம் போதவில்லை என்றீர்கள். நான் அதை நம்பினேன். நம்புவது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

இப்போது நடந்திருப்பதை உங்கள் மகள் பரீஹா உங்களிடம் சொல்லியிருப்பாள். இருந்தாலும் எழுதுகிறேன். போன மாதம் ஒரு மண்டலின் விநாயகர் ஊர்வலத்தில், டிஜே வண்டியில், உங்கள் மெட்டைப் போட்டார்கள். மெட்டு அப்படியே. பதினாறு குடமும் அப்படியே. கடைசி அடி மட்டும் வேறு. "பதினாறுல ஒண்ணு மட்டும் நம்ம குடம் இல்ல, தூக்கி வெளிய போடு" என்று. அதை ஜஹாங்கீர் கடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தி மூன்று முறை பாடினார்கள். சின்னப் பிள்ளைகளும் கூடவே பாடியதாக இசக்கி சொன்னான். அவர்களுக்குப் பாட்டு ஏற்கெனவே தெரியும் அல்லவா? பள்ளிக்கூடத்தில் நாம்தானே சொல்லிக் கொடுத்தோம்.

வார்த்தையை மாற்றியவன் நகுல். உங்களுக்கு நினைவிருக்கலாம், டீச்சரிடம் படித்தவன், முதல் வருஷ நிகழ்ச்சியில் முன்வரிசையில் உட்கார்ந்து விசில் அடித்தான். இப்போது பார்சல் கம்பெனியில் வேலை. டீச்சர் அவன் வீட்டுக்கே போய், ஏண்டா இப்படிச் செய்தாய் என்று கேட்டிருக்கிறார். அவன் நாற்காலி எடுத்துப் போட்டு, அவன் அம்மாவை டீ போடச் சொல்லி, மரியாதையாகத்தான் பேசினானாம். "டீச்சர், அது பப்ளிக் பாட்டுதானே. உங்க புக்லயே யார் பேரும் இல்லியே" என்றானாம். அது நாகூர் மீரான் எழுதியது என்று டீச்சர் சொன்னதும் சிரித்திருக்கிறான். "அரே, முன்னாடியே பேரப் போட்டிருந்தா நாங்க அதத் தொட்டே இருக்க மாட்டோமே டீச்சர்" என்றானாம்.

அந்த ஒரு வாக்கியத்தை ஒரு மாதமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். உங்கள் பெயரால் பாட்டுக்கு ஆபத்து என்று பயந்து எடுத்தேன். பெயர் இருந்திருந்தால் அவர்கள் கை பட்டிருக்காது.

டீச்சர் ஸ்டேஷனுக்கும் போனார். அங்கே இருந்த அதிகாரி நம் புத்தகத்தையே புரட்டிப் பார்த்துவிட்டு, பழைய நாட்டுப்பாட்டு, பையன்கள் வார்த்தை மாற்றிப் பாடுவது எங்கேயும் உண்டு, எழுதியவர் யாராவது இருந்தால் வரச் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார். அங்கிருந்து நேராக மாட்டுங்கா அறைக்கு வந்து, போன வருஷம் ஸ்டேஷனில் மீரான் பெயரை எடுக்கச் சொன்னது எந்த அதிகாரி அண்ணாச்சி, அவரையே போய்ப் பிடித்துக் கேட்கலாம், எழுத்தில் ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்று என்னிடம் கேட்டார்.

அப்போது சொன்னேன். இசக்கியும் இருந்தான். டீச்சர் திட்டவில்லை. யார் சொன்னது, எங்கே, எப்போது என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த கேள்விகளை அதே வரிசையில் என்னிடம் கேட்டார். முடி வெட்டும் கடை, பக்கத்து நாற்காலி, பெயர் தெரியாது என்று பதில் சொன்னேன். அவ்வளவுதான் என்னிடம் இருந்தது. இசக்கிதான் பேசினான். "குடத்துக்குத்தான் பேரு வேண்டாம்னு அவரு பாடினாரு. அவருக்கே வேண்டாம்னு நீங்க எப்படி அண்ணாச்சி முடிவு பண்ணீங்க? நானும் ஒரு பைத்தியக்காரன், போலீஸ்காரனத் திட்டிக்கிட்டே பாடிட்டு வந்தேன்" என்றான். டீச்சர் எழுந்து, "ஒத்திகை நோட்ட இங்க வச்சிட்டுப் போங்க" என்றார். வைத்துவிட்டு வந்தேன். இப்போது இசக்கிதான் குறிப்பு எழுதுகிறான். அவனுக்குத் தமிழ் எழுத வராது, இந்தியில் எழுதுகிறான். சரியாகத்தான் எழுதுவான்.

படியிறங்கும்போது டீச்சர் பின்னாலேயே வந்தார். சமாதானமாக ஏதோ சொல்லப்போகிறார் என்று நின்றேன். சான்பாடாவிலிருந்து பரீஹா போனில் பேசியதைச் சொன்னார். ஊர்வல வீடியோ அவள் லேபில் வேலை செய்பவர்களின் குரூப்பிலேயே வந்திருக்கிறது. "எங்க வாப்பா பாட்டுன்னு சொல்லவும் முடியல, இல்லைன்னு சொல்லவும் முடியல டீச்சர். வாப்பாவே ஒதுங்கிட்டாங்க. போலீஸ் சொல்லிச்சுன்னு பெரியவர் சொன்னாராம், இவங்க சரின்னுட்டாங்க. நேர்ல போயி எந்தப் போலீஸ்னு ஒரு வார்த்தை கேட்டாங்களா? பயம். கேட்டா, அண்ணாச்சி பொய் சொல்ல மாட்டாருன்னு அதையே சொல்றாங்க" என்றாளாம். அதற்குப் பிறகு அவள் அம்பர்நாத் வருவதும் குறைந்துவிட்டதாக டீச்சர் சொன்னார்.

பயந்தது நான். அதற்கு உங்கள் மகளிடம் கெட்ட பெயர் வாங்கிக்கொண்டிருப்பது நீங்கள். ஒன்றேகால் வருஷமாக என்னை விட்டுக்கொடுக்காமல் வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

பாட்டும் படமும் ஜனங்களின் மனசை மாற்றுமா என்று இப்போது என்னால் சொல்ல முடியவில்லை. உங்களுடைய பாட்டு நல்ல பாட்டு, ஜெஸியின் படம் நல்ல படம், டீச்சர் நடத்திய வகுப்பு நல்ல வகுப்பு. வெறுப்பு எங்கோ வெளியே நின்று கல் எறிகிறது, நாம் உள்ளே நின்று பாடினால் போதும் என்று நினைத்துவிட்டோம். நினைத்துவிட்டேன். நகுல் வெளிப்படையாகச் செய்ததை நான் அவனுக்கு ஒன்றரை வருஷம் முன்பே, தட்டச்சு செய்து, உறையில் போட்டு, ஒழுங்காகச் செய்து முடித்திருக்கிறேன். அவனுக்காவது ஊர்வலமும் டிஜே வண்டியும் தேவைப்பட்டன.

செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. புத்தகம் மறுபதிப்புக்குப் போகிறது. திருத்தங்களை இம்மாதம் முப்பதாம் தேதிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். குழுவின் சார்பில் கையெழுத்துப் போட வேண்டியவன், காகிதப்படி, இன்னும் நான்தான். பாட்டையே எடுத்துவிடலாம் என்கிறான் இசக்கி. உங்கள் பெயரைப் போட்டே தீர வேண்டும் என்கிறார் டீச்சர். "மரபுப் பாடல் என்று இருந்தது என் பிழை, இயற்றியவர் வேறு" என்று என் பங்கை எழுதிக் கையெழுத்திட்டு டீச்சரிடம் கொடுத்துவிட்டேன். அதற்கு உங்கள் அனுமதி தேவையில்லை. இயற்றியவர் பெயர் எழுத வேண்டிய இடத்தை மட்டும் வெறுமையாக விட்டிருக்கிறேன். போன தடவை உங்களைக் கேட்காமல் எடுத்தேன். இந்தத் தடவை கேட்காமல் போடுவதும் அதே குற்றம்தான். இன்று அந்தப் பாட்டுக்குக் கீழே ஒரு முஸ்லிம் பெயர் வந்தால், அதைத் தேடிக்கொண்டு யாராவது அம்பர்நாத் வரலாம். வராமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று வைத்துக்கொண்டு ஒரு முறை முடிவு செய்தது போதும். போடு என்றால் போடுகிறேன், வேண்டாம் என்றால் பாட்டைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிடுகிறோம். நீங்கள்தான் சொல்ல வேண்டும். பேகம் தங்கச்சியையும் கேட்டுக்கொண்டு சொல்லுங்கள்.

ஒன்பது பெயர் கொண்ட அந்தப் பட்டியல் கொடுக்கப்படாமலே என் பையில் திரும்பி வந்தது. அதையும், எட்டுப் பெயர் உள்ள நகலையும் இத்துடன் வைத்திருக்கிறேன். ஒன்பதில் நான்காவது பெயர் உங்களுடையது. அதிலுள்ள தேதியையும், ஸ்டேஷன் முத்திரை விழுந்த நகலில் உள்ள தேதியையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் ஒரே நாள். வேறு சாட்சி என்னிடம் இல்லை.

மன்னிப்பு என்ற வார்த்தையை இந்தக் கடிதத்தில் எழுதக் கூடாது என்று உட்கார்ந்தேன். எழுதினால் நீங்கள் கொடுத்துவிடுவீர்கள்.

பரீஹா இங்கிலீஷ் மீடியத்தில் படித்த பிள்ளை, தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அடுத்த முறை அவள் வரும்போது நீங்கள் இதை அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். முதலிலிருந்து வரிசையாக எழுதிய காரணம் அதுதான், அவளுக்கும் புரிய வேண்டும். உங்களை எனக்குத் தெரியும். என்னைப் பற்றி மோசமாக வரும் இடத்தில் இருமிக்கொண்டு, இரண்டு வரி தாண்டி, "அண்ணாச்சி சுகமா இருக்காராம்" என்று முடித்துவிடுவீர்கள். அப்படிச் செய்யாதீர்கள், தம்பி. ஸ்டேஷனில் வரிசையில் நான் நின்ற இடத்தை நிதானமாக, ஒரு வார்த்தை விடாமல் வாசியுங்கள். அவள் என்னை என்ன சொன்னாலும் தடுக்காதீர்கள்.

பேகம் தங்கச்சிக்கும், பரீஹாவுக்கும், பேரன் ராஹிலுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். பரீஹா மறுபடி அம்பர்நாத் வரும் ஞாயிற்றுக்கிழமை சீக்கிரம் வரட்டும்.

தங்கள் விசுவாசம் உள்ள என்று எழுதும் தகுதி இல்லாத,
பிரம்மநாயகம்